பெயர் மாற்றமும் சட்டமும்

(குன்றக்குடியில் நடைபெற்ற வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளிவிழா மேடையில் வாழ்த்துரை கூறுவதே மரபு. கழகம் தோன்றிய வரலாற்றையும், அதனைத் தாங்கி நின்ற பெரியோர்களின் தொண்டினையும் நமக்கு முன்னர்ப் பேசியவர்கள் நன்கு எடுத்துரைத்துவிட்டார்கள். ஆகவே நமக்கு அளிக்கப்பட்ட பொழுதை, சென்ற மாதம் ஒரு தம்பி நம்மிடம் கேட்ட கேள்விக்கு விடை கூறுவதிலேயே செலவிட எண்ணுகிறோம்.

அத்தம்பி பாலிடெக்னிக்கில் பட்டயப் படிப்பு முடித்தவர். வளைகுடா நாடு ஒன்றில் வேலைக்குச் செல்லக் கடவுச்சீட்டு எடுக்க வேண்டும் என்று, தம் தந்தையாருடன் நம் கழக அலுவலகத்திற்கு வந்தார். படிவத்தில் பெயருக்கு இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று இயற்பெயருக்கு உரியது. மற்றொன்று கடைசிப் பெயருக்கு உரியது. முதற்கட்டத்தை நிரப்பிவிட்டார். இரண்டாவதில் பேனா நின்றுவிட்டது. "ஐயா, அங்கே எல்லாரையும் கடைசிப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். அப்பா பெயர் குப்பன். என்னை மிஸ்டர் குப்பன் என்பார்கள். கோர்ட்டுக்குப் போய் இதை மாற்றிவிட முடியுமா?" என்று கேட்டார். தந்தையார் பக்கத்திலேயே அமர்ந்திருந்தார். அவர் ஒன்றும் பேசவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து மடிமீது வைத்து, அதனை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

அன்று நாம் முழு விடை கூறவில்லை. சட்டப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லுகிறோம் என்று அனுப்பிவிட்டோம். பார்த்தோம். பார்த்தவற்றை இங்கே வைக்கிறோம்.

தமிழ்நாட்டில் கடைசிப் பெயர் என்று ஒன்று நமக்கு இருந்ததில்லை. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே வைத்துத் தம் பெயரைப் பின்னே எழுதுவது நம் வழக்கம். சாதிப் பட்டத்தைப் பெயரின் பின்னே தொங்கவிட்ட காலம் உண்டு. ஆனால் அது பட்டம் உடையோர்க்கே உரியதாயிருந்தது. பெரியார் 1927ஆம் ஆண்டின் இறுதியில் 'குடி அரசு' இதழில் தம் பெயரின் பின்னிருந்த நாயக்கர் என்னும் சொல்லை நீக்கினார். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு, சாதியைக் காட்டும் பட்டங்களைக் கைவிடுமாறு மக்களைக் கேட்டுக்கொண்டது. நம் சிவகங்கையைச் சேர்ந்த வழக்கறிஞர் இராமச்சந்திரனார் அம்மாநாட்டையொட்டித் தம் சேர்வைப் பட்டத்தை உதறினார். ஒடுக்கப்பட்டோர் பக்கம் நின்று வழக்காடியவர் அவர். அவருடைய பெயரை நம் பிள்ளைகள் மறத்தலாகாது.

துறப்பதற்கும் ஒரு பட்டம் வேண்டுமல்லவா? நம் பாட்டன்மார்க்கு அது ஏது? பழைய பத்திரங்களையும் வழக்குக் கட்டுகளையும் புரட்டிப் பாருங்கள். ஏனையோர் பெயருக்குப் பின் பட்டம் இருக்கும்; நம்மவர் பெயருக்குப் பின் சாதி இருக்கும். அதனை எழுதியவர் நாமல்லர். மரியாதை விகுதியாகிய 'ர்' என்னும் ஓர் எழுத்தைக்கூட நம் முதியோர் பெயரோடு சேர்த்து உரைக்க ஊர் இசைந்ததில்லை. நம் குடும்பத்துப் பாட்டனார் ஒருவர்க்குப் பெற்றோர் இட்ட பெயர் இராமசாமி. சாமி என்று முடியும் பெயர் அவருக்கு எதற்கு என்று நினைத்தவர்கள் 'ராமா' என்றே அழைத்தார்கள். எழுபது வயதிலும் அவர் ராமனாகவே இறந்தார். பள்ளியில் சேர்க்கப்போன அவருடைய மகனுக்கு, தந்தை பெயர் என்னும் இடத்தில் 'ராமன்' என்று எழுதிக்கொண்டார் ஓர் ஆசிரியர். அதனால் நம் குடும்பத்துப் பதிவுகளில் இராமசாமி என்னும் பெயர் எங்குமே இல்லை. மனுநூலின் இரண்டாம் அத்தியாயம், சூத்திரனுக்கு இடும் பெயர் இழிவைக் காட்டுவதாக இருத்தல் வேண்டும் என்று விதிக்கிறது. அந்த வரிசையிலேயே வைக்கப்படாத நமக்கு என்ன கிடைத்திருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இதனைச் சிறு செய்தி என்று இளைஞர்கள் எண்ணிவிடக்கூடாது. நம் ஊர்கள் அன்று இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. அம்மாவட்டத்தில் 1930 டிசம்பரில் நாட்டார்கள் கூடி ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 ஜூனில் அவற்றைப் பதினொன்றாக்கினார்கள். 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராயிருந்த ஹட்டன் இவற்றைத் தம் நூலில் எழுதிவைத்திருக்கிறார். ஆண்கள் சட்டை அணியலாகாது, வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கலாகாது, பெண்கள் இரவிக்கை அணியலாகாது, பொன்னும் வெள்ளியும் பூணலாகாது, குடையும் செருப்பும் கூடாது, மண்கலம் அன்றி வேறு கலம் ஆளலாகாது என்பன முதற்பட்டியலில் இருந்தவை. பிள்ளைகள் எழுத்தறிவு பெறலாகாது என்பது இரண்டாம் பட்டியலில் சேர்ந்தது. அப்படிப்பட்ட மண்ணில், ஒருவன் தனக்குப் பிடித்த பெயரைத் தானே வைத்துக்கொள்வதும் சட்டை அணிவதற்கு ஒப்பான செயலாகவே இருந்தது.

ஆகவேதான் நம் முன்னோர்கள் பெயரின்பொருட்டுப் பெரும்போர் நிகழ்த்தினார்கள். அயோத்திதாசப் பண்டிதரின் இளமைப் பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி புகட்டிய ஆசிரியரின் பெயரை அவர் தம் பெயராக ஏற்றார். எந்த நீதிமன்றத்திலும் அவர் மனுச் செய்யவில்லை. அண்ணல் அம்பேத்கரின் குடும்பப் பெயர் சக்பால். அவர்தம் முன்னோர் ஊர் இரத்தினகிரி மாவட்டத்து அம்பாவடே. ஊர்ப் பெயரோடு 'கர்' சேர்த்து வழங்குவது மராட்டியர் வழக்கம். 1900ஆம் ஆண்டில் சாத்தாராவில் பள்ளியில் சேர்ந்தபோது அம்பேத்கர் என்னும் பெயர் பதிவேட்டில் ஏறிற்று. அவ்வடிவம் ஆசிரியர் ஒருவரின் பெயரிலிருந்து வந்தது என்பது வழிவழியாக வரும் செய்தி. குடும்பப் பெயர் போய் ஊர்ப் பெயர் நின்றது. பின்னர் உலகமே அப்பெயரை அறிந்தது.

தனி மனிதர் பெயர் இவ்வாறாக, சமுதாயத்தின் பெயரில் நம்மிடையே இரண்டு கருத்துகள் இருந்தன. இரட்டைமலை சீனிவாசனார் 1893இல் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். எந்தச் சொல்லால் நம்மை இழித்தார்களோ அந்தச் சொல்லை நெஞ்சு நிமிர்த்திச் சொல்லும்வரை விடுதலை இல்லை என்பது அவர் கருத்து. எம்.சி. இராஜா அவர்களோ அச்சொல்லை அரசின் ஏடுகளிலிருந்தே அகற்ற வேண்டும் என்று கருதினார். அவர் 1922 ஜனவரியில் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தின் பயனாக, அரசுப் பதிவுகளில் ஆதிதிராவிடர் என்னும் பெயர் இடம்பெற்றது. இருவரும் நம் தலைவர்களே. இவருள் யார் சொன்னது சரி என்று தீர்ப்புக் கூற நாம் முற்படமாட்டோம். இன்றும் ஒரே வீட்டில் அண்ணன் ஒரு பக்கமும் தம்பி ஒரு பக்கமும் நிற்கக் காண்கிறோம். அண்மையிலும், 2021இல், நம் பகுதியில் பெருந்தொகையினராக வாழும் மக்களின் கோரிக்கையை ஏற்று, ஏழு பிரிவினரைத் தேவேந்திரகுல வேளாளர் என்னும் ஒரே பெயரின்கீழ்க் கொணர்ந்து நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அப்பெயரை ஏற்ற பின்னும் அவர்கள் பட்டியலினத்திலேயே நீடிக்கிறார்கள். இதனை நினைவில் வையுங்கள். பின்னர் இதற்குத் திரும்ப வருவோம்.

வடநாட்டு நிலை வேறு. அங்கே கடைசிப் பெயர் பெரும்பாலும் சாதியையே காட்டும். பெயரைச் சொன்னவுடன், கேட்பவர் முகம் மாறுவதைச் சொன்னவர் காண்பார். இதன் காரணமாக எழுந்த ஒரு வழக்கில் டில்லி உயர்நீதிமன்றம் 2023 மே மாதம் தீர்ப்பு வழங்கியது. நம் இளைஞர் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய வழக்கு அது.

ஒரு தந்தை. அவருடைய கடைசிப் பெயர் மோச்சி. செருப்புத் தைக்கும் தொழிலையும் அத்தொழிலோடு பிணைக்கப்பட்ட சாதியையும் குறிக்கும் சொல் அது. அப்பெயரால் நாள்தோறும் அனுபவித்த இழிவைப் பொறுக்கமாட்டாமல் அவர் தம் கடைசிப் பெயரை நாயக் என்று மாற்றிக்கொண்டார். செய்தித்தாளில் அறிவிப்புக் கொடுத்தார், அரசிதழிலும் வெளியிட்டார். அவருடைய மக்கள் இருவர், தம் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்களில் உள்ள தந்தை பெயரையும் அவ்வாறே திருத்தித் தருமாறு மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்திடம் விண்ணப்பித்தனர். வாரியம் மறுத்துவிட்டது. கடைசிப் பெயரை மாற்றினால் சாதியே மாறிவிடும், அதனைத் தவறாகப் பயன்படுத்தக்கூடும், பள்ளிப் பதிவேட்டில் உள்ளதற்கு மாறாகத் திருத்த இயலாது என்பன வாரியம் கூறிய காரணங்கள்.

சகோதரர் இருவரும் உயர்நீதிமன்றம் சென்றனர். அடையாளத்துக்கான உரிமை, அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பிரிக்க இயலாத கூறு என்று நீதிமன்றம் கூறிற்று. ஒரு குறிப்பிட்ட சாதியோடு தம்மை இணைத்துக் காட்டிப் பகைமைக்கு இடமாக்கும் பெயரைச் சுமவாமல், மதிப்புக்குரிய அடையாளத்தோடு வாழ அவர்களுக்கு உரிமை உண்டு என்றது. வாரியத்தின் மறுப்பைத் தள்ளிச் சான்றிதழைத் திருத்தித் தருமாறு ஆணையிட்டது. அதே தீர்ப்பில் மற்றொன்றையும் தெளிவுபடுத்தியது: பெயரை மாற்றுவதால் சாதி மாறாது, புதிய கடைசிப் பெயர் வேறு எந்தச் சாதிக்கு உரியதாயினும், அதனைக் காட்டி அச்சாதிக்குரிய சலுகை எதனையும் கோர இயலாது.

இத்தீர்ப்பைப் படித்தபோது நமக்கு ஒன்று தோன்றிற்று. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. 2016 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் ஒருவரைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது குற்றம். தெருவில் ஒருவன் அச்சொல்லை வசையாக உரைத்தால் சிறைக்குச் செல்வான். அதே சொல்லைச் சான்றிதழில் அச்சிட்டு, இஃது உன் பெயர், மாற்றமாட்டோம் என்று ஓர் அலுவலகம் கூறுமானால் அதற்கு என்ன பெயர் வைப்பது? அவ்விரு சகோதரர்களும் கேட்டது இதைத்தான்.

இனி, நடைமுறைக்கு வருவோம். பெயரை மாற்ற வேண்டுமென்றால் கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்னும் எண்ணம் நம்மவரிடையே பரவியிருக்கிறது. அமெரிக்க நாட்டின் பல மாநிலங்களில் நீதிமன்றத்தில் மனுக் கொடுத்தே பெயர் மாற்றுகிறார்கள். திரைப்படங்களைப் பார்த்தும் சிலர் அவ்வாறு எண்ணுகிறார்கள் போலும். நம் நாட்டில் பொதுவாக அது தேவையில்லை. தமிழ்நாட்டில் எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறைக்கு உரிய படிவத்தில் விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பை வெளியிடச் செய்தால் போதும். அத்துறையின் அலுவலகம் சென்னை அண்ணா சாலையில் உள்ளது. பிறப்புச் சான்று அல்லது பள்ளிச் சான்று, முகவரிச் சான்று, அதிகாரியின் சான்றொப்பம் பெற்ற புகைப்படம் ஆகியவை வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவர்க்குப் பெற்றோரோ காப்பாளரோ கையொப்பமிட வேண்டும். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துகளை ஒருமுறைக்கு மும்முறை சரிபார்த்துக் கொடுங்கள். அரசிதழில் வந்த எழுத்துப் பிழை, மாற்றிய பெயரையும் பிழையாக்கிவிடும். இதழ் வெளிவந்ததும் சில படிகளை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வாழ்நாள் முழுவதும் அது கேட்கப்படும்.

பெயர் மாற்றிய பின் ஆதார், வருமான வரி அட்டை, வாக்காளர் அட்டை, வங்கிக் கணக்கு, குடும்ப அட்டை என்று ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இருமுறையே எளிதாகத் திருத்தலாம் என்பது விதி. ஆகவே ஆத்திரத்தில் ஒரு பெயர், ஆறிய பின் ஒரு பெயர் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். சாதிச் சான்றிதழில் ஒரு பெயரும் கல்விச் சான்றிதழில் ஒரு பெயரும் இருந்தால் வேலைவாய்ப்பு நேரத்தில் இடர்ப்பாடு வரும். இரண்டையும் இணைப்பது அரசிதழ் ஒன்றே.

அப்படியானால் நீதிமன்றம் எங்கே வருகிறது? அலுவலகம் மறுக்கும்போது வருகிறது. உச்சநீதிமன்றம் 2021 ஜூன் 3ஆம் நாள் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தொடர்பான வழக்குகளில் விரிவான தீர்ப்பு ஒன்றை வழங்கியது. ஒருவரின் பெயர் அவருடைய பேச்சுரிமையோடும் வாழ்வுரிமையோடும் ஒட்டியது. சான்றிதழில் மாற்றவே முடியாது என்று வாரியம் முற்றாகக் கதவடைக்க இயலாது என்பது அதன் சாரம். பள்ளிப் பதிவேட்டிலோ பிற அரசு ஆவணங்களிலோ உள்ளதற்கு ஏற்பத் திருத்தம் கேட்பது ஒரு வகை. தாமே விரும்பிப் புதிய பெயரை ஏற்பது மற்றொரு வகை. இரண்டாம் வகைக்கு நீதிமன்றத்தின் ஆணையையும் அரசிதழ் வெளியீட்டையும் வாரியம் கேட்கலாம் என்று அத்தீர்ப்பு கூறுகிறது. அத்தகைய ஆணையை உரிமையியல் நீதிமன்றத்தில், 1963ஆம் ஆண்டுக் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி விளம்புகை வழக்காகத் தொடுத்துப் பெறலாம். இன்னார் என்று முன்பு அழைக்கப்பட்டவரும் இன்னார் என்று இப்போது அழைக்கப்படுபவரும் ஒருவரே என்று நீதிமன்றம் விளம்புவது அது. அரசு அலுவலகம் காரணமின்றி மறுத்தால் உயர்நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனுத் தாக்கல் செய்யலாம். 2004 ஜூலையில் மதுரைக் கிளை தொடங்கப்பட்ட பின், அதற்காகச் சென்னை வரை செல்லும் தொல்லை நம் மாவட்டத்தாருக்கு நீங்கிற்று.

வழக்குச் செலவுக்கு எங்கே போவது என்று தாய்மார்கள் முகத்தில் கேள்வி தெரிகிறது. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டம், 12ஆம் பிரிவு, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் இலவச சட்ட உதவிக்கு உரியவர் என்கிறது. அவர்களின் வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. சிவகங்கையில் மாவட்ட ஆணையம் இருக்கிறது. வட்ட அளவிலும் குழுக்கள் உண்டு. சாதிச் சான்றிதழின் நகலோடு சென்று கேளுங்கள். அது பிச்சையன்று, சட்டம் தந்த உரிமை. கூச்சப்படுகிறவர்கள் நம் கழகத்தாரில் ஒருவரை உடன் அழைத்துச் செல்லலாம்.

மற்றோர் ஐயத்தையும் தீர்த்துவிடுகிறோம். பெயரை மாற்றினால் இடஒதுக்கீடு போய்விடுமா என்று பலர் அஞ்சுகிறார்கள். டில்லித் தீர்ப்பை இப்போதுதான் கேட்டீர்கள். தேவேந்திரகுல வேளாளர் சட்டத்தையும் கேட்டீர்கள். தனி மனிதனின் பெயர் மாறினாலும், சமுதாயத்தின் பெயரையே நாடாளுமன்றம் மாற்றினாலும், பிறப்பால் வந்த தகுதி அப்படியே நிற்கும். மதம் மாறிப் பெயர் மாற்றினால் மட்டும் நிலை வேறு. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி இந்துக்களும், 1956 முதல் சீக்கியரும், 1990 முதல் பௌத்தரும் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கொள்ளப்படுகின்றனர். இது நியாயமா என்னும் வாதம் நீண்ட நாளாக நடந்துவருகிறது. அது முடியும்வரை, மதமாற்றத்தை ஒட்டிப் பெயர் மாற்றுவோர் பின்விளைவை அறிந்தே செய்ய வேண்டும்.

பெயரை மாற்றினால் சாதி மறைந்துவிடுமா? இங்கே ஜப்பான் நாட்டுச் செய்தி ஒன்றைக் கூற வேண்டும். அங்கும் தோல் தொழில், பிணத் தொழில் முதலியவற்றால் ஒதுக்கப்பட்ட மக்கள் உண்டு, புராக்குமின் என்பர். 1871இல் அரசு ஆணையால் அவ்விழிவு சட்டத்தில் ஒழிக்கப்பட்டது. மறு ஆண்டு எழுதப்பட்ட குடும்பப் பதிவேடுகள் சிலவற்றில், அவர்களைப் 'புதிய குடிமக்கள்' என்று குறித்துவைத்தார்கள். பெயர் எல்லாரையும் போன்றதே. அந்த ஒரு குறிப்புப் போதுமானதாயிற்று. 1968இல் அப்பதிவேடுகளைப் பிறர் பார்க்கவொண்ணாதபடி மூடினார்கள். அப்போதும் விடவில்லை. அம்மக்கள் வாழும் ஊர்களின் பட்டியலைத் தொகுத்து நிறுவனங்களுக்கு இரகசியமாக விற்றுவந்தது 1975இல் வெளிப்பட்டது. வேலை கேட்டு வருவோரின் முகவரியைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தள்ளிவிடுவதற்காக அது விற்கப்பட்டது. பெயர் காட்டாததை முகவரி காட்டிக்கொடுத்தது. நமக்கு இது விளங்காத செய்தியா? கடிதத்தின்மேல் 'காலனி' என்று எழுதிய உடனே, தபால்காரர் வருமுன்னரே நம் சாதி வந்துவிடுகிறதே! அரசு ஆவணங்களிலும் பொதுப் புழக்கத்திலும் இருந்து காலனி என்னும் சொல் நீக்கப்படும் என்று முதலமைச்சர் 2025 ஏப்ரல் 29ஆம் நாள் சட்டமன்றத்தில் அறிவித்தார். பெயரை மட்டும் மாற்றினால் போதாது என்று அரசும் உணர்ந்ததன் அடையாளம் அது.

இதனால் மாற்றுவது வீண் என்று கூறவில்லை. அண்ணல் அம்பேத்கர் இதனை ஆழ்ந்து எண்ணியிருக்கிறார். பறையர் ஆதிதிராவிடர் ஆனதையும், மகர் சோகாமேளர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டதையும், வெளியூர் சென்றால் பலர் கிறித்தவர் என்று கூறிக்கொள்வதையும் எடுத்துக்காட்டி, பெயரில் ஒன்றும் இல்லையென்றால் இவர்கள் ஏன் இவ்வளவு துன்பப்படுகிறார்கள் என்னும் வினாவை எழுப்புகிறார். பழைய பெயரின்கீழ் ஒருவன் எவ்வளவு உயர்ந்தாலும் அப்பெயர் அவனுக்குமுன் சென்று நின்றுவிடுகிறது என்பதை அவர் தம் வாழ்விலேயே கண்டவர். அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம், பாட்டன்மாரை அடிமைகொண்டவர்கள் தந்த லிட்டில் என்னும் கடைசிப் பெயரை விட்டு, அவ்விடத்தில் எக்ஸ் என்னும் ஓரெழுத்தை எழுதினார். தம் உண்மைப் பெயர் களவுபோயிற்று, அது தெரியும்வரை இவ்வெழுத்து நிற்கட்டும் என்பது அதன் கருத்து.

மீண்டும் நம் தம்பியிடம் வருவோம். கடவுச்சீட்டில் கடைசிப் பெயர் இல்லாமலும் விடலாமே என்று நாம் முதலில் எண்ணினோம். இந்தியக் கடவுச்சீட்டில் அக்கட்டத்தை வெறுமையாக விடுவதற்கு இடமுண்டு. ஆனால் 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயரோடு வரும் பார்வையாளரை ஏற்பதில்லை என்று அறிவித்தது. கடவுச்சீட்டின் வேறு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று சில நாட்களில் தளர்த்தியும்விட்டது. எனினும் விமான நிலையத்தில் நின்று விதியை விளக்கிக்கொண்டிருப்பது நம் பிள்ளைகளுக்கு இயலுமா? இரண்டாம் கட்டத்தை நிரப்பிவிடுவதே நல்லது.

எதனால் நிரப்புவது? வடநாட்டில் கடைசிப் பெயரை மாற்றினால் சாதி போகிறது. இங்கே மாற்றினால் தந்தை போகிறார். டில்லிச் சகோதரர்களின் வழக்கில், தந்தையே முதலில் தம் பெயரை மாற்றினார், மக்கள் பின்தொடர்ந்தார்கள். இங்கே மகன் மாற்ற விரும்புகிறான். தந்தை அருகில் அமர்ந்து துண்டை மடிக்கிறார். தந்தையின் பெயரை மாற்ற வேண்டுமானால் தந்தையே விண்ணப்பிக்க வேண்டும். மகனுக்குச் சட்டம் தருவது, தனக்கென வேறொரு கடைசிப் பெயரைத் தெரிந்துகொள்ளும் உரிமை மட்டுமே.

சில நாட்களுக்குப் பின் தந்தையார் மட்டும் தனியே வந்தார். "பையனுக்கு இஷ்டமானால் மாற்றிக்கொள்ளட்டும், நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்றார். பின்னர்ச் சற்று நேரம் இருந்து ஒரு செய்தி கூறினார். அவருக்குமுன் அவருடைய தாயாருக்கு இரண்டு குழந்தைகள் பிறந்து இறந்தனவாம். மூன்றாவதாகப் பிறந்த இவரைப் பாட்டி குப்பைமேட்டில் புரட்டி எடுத்துக் குப்பன் என்று பெயரிட்டாராம். யாரும் வேண்டாத குப்பை என்று எமன் எண்ணித் தாண்டிப் போகட்டும் என்பது அந்தத் தாயின் நினைப்பு. நம்மவரிடையே மட்டுமன்றி எல்லாச் சாதியாரிடமும் பிள்ளைகள் தங்காத வீடுகளில் குப்புசாமி, குப்பம்மாள், பிச்சை என்று பெயரிட்டது இதனால்தான். மகனுக்கு இதுவரை இதனைச் சொன்னதில்லை என்றார். ஏன் என்று கேட்டோம். "கேட்கவில்லையே" என்றார்.

இராமசாமியை ராமனாக்கியது ஊர். குப்பனைக் குப்பனாக்கியவர் அவருடைய பாட்டி. பதிவேட்டில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். எது யார் வைத்த பெயர் என்பதை நீதிமன்றம் கேட்காது. அரசிதழ் அலுவலகமும் கேட்காது. வீட்டில்தான் கேட்க வேண்டும். நம் பாட்டனாரின் பெயரை இராமசாமி என்று திருத்த ஒரு வழி கிடைக்குமாயின் இன்றே மனு எழுதுவோம். அவர் இல்லை, அவருக்காக விண்ணப்பிக்க நமக்கு உரிமையும் இல்லை. ஆனால் இந்த மலரில் அச்சாகும் நம் முன்னோர் வரிசையில் அவர் பெயர் இராமசாமி என்றே வரும். அதற்கு எவர் அனுமதியும் வேண்டியதில்லை.

ஊர்ப் பெயரைக் கடைசிப் பெயராக வைக்கலாமா என்று வேறொரு மாணவி கேட்டிருக்கிறார். தாராளமாக வைக்கலாம். நம் ஊர் மடத்தில் வீற்றிருந்த அடிகளார் அரங்கநாதனாகப் பிறந்தவர். தருமபுரத்தில் துறவு பூண்டு கந்தசாமித் தம்பிரான் ஆனார். இங்கு வந்து ஆதீனத் தலைமை ஏற்றபோது தெய்வசிகாமணி அருணாசல தேசிக பரமாசாரியர் ஆனார். இத்தனை பெயர்களையும் தள்ளி மக்கள் நாவில் நின்றது குன்றக்குடி அடிகளார் என்பதே. அப்பெயரில் உள்ள குன்றக்குடி, மலையடிவாரத்து மாட வீதிக்கு எவ்வளவு உரியதோ அவ்வளவு நம் தெருவுக்கும் உரியது. அம்மாணவி குன்றக்குடி என்று எழுதினால் தடுப்பார் யார்?

அந்தத் தம்பி இன்று இக்கூட்டத்தில் இருக்கிறார். அவர் தந்தையாரும் இருக்கிறார். அவருடைய படிவம் நம் அலுவலக மேசையில் இருக்கிறது. இரண்டாம் கட்டம் இன்னும் வெறுமையாகவே உள்ளது. வரும் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வழக்கறிஞர் ஒருவர் கழகக் கட்டடத்திற்கு வருகிறார். பெயர் மாற்ற விரும்புவோரும், பெயர் பிழையால் சான்றிதழ் தடைப்பட்டோரும், பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, சாதிச் சான்றிதழ், ஆதார் ஆகியவற்றின் நகல்களோடு வாருங்கள். வீட்டில் முதியவர் எவரேனும் இருந்தால் அவரையும் அழைத்து வாருங்கள்.